மூன்று பொட்டலம் அரிசி

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் என்னிடம், சாம்பிள் எடுப்பதில் எது கஷ்டம் என்று கேட்பதுண்டு. அரக்கு உருக்குவதுதான் என்று சொல்லிச் சிரித்து அனுப்பிவிடுவேன். அது பொய். உண்மையை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. டிரஸ்ஸரின் கடிதம்

1920களில் மலாயாவில், ஈப்போ சுகாதார ஆபீசில் நான் உணவு சாம்பிள் எடுக்கும் உதவியாளன். ஊருக்குள்ளேயே சிலிபின் பகுதியில் குடியிருந்தேன். பாதி நாள் பால்காரர்களோடு மல்லுக்கட்டுவதிலேயே போகும். ஒருநாள் காலை ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரிடமிருந்து கடிதம் வந்தது. ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் நான்கு பேர் வாந்தி பேதியில் இறந்துவிட்டார்கள். காலரா மாதிரி தெரியவில்லை. ஆட்களுக்குக் கொடுக்கும் ஸ்டோர் அரிசி மேல் சந்தேகம் என்று எழுதியிருந்தார். துணிச்சலான மனிதர். தோட்டத்துச் சம்பளம் வாங்கிக்கொண்டு தோட்டத்து அரிசியைப் பற்றி எழுதுவது லேசில்லை.

அன்றே போனேன். ஸ்டோருக்குள் நுழைந்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. மேல் தட்டில் லாலான் புல்லைக் கொல்லும் மருந்து டின்கள். அந்த மருந்து ஆர்சனிக், அதாவது பாஷாணம். ஒரு டின் அடிப்பக்கம் துருப்பிடித்து ஒழுகியிருந்தது. நேர் கீழே அரிசி மூட்டைகள். சாக்கு நனைந்து, காய்ந்து, விறைத்துப் போயிருந்தது.

2. அரக்கும் முத்திரையும்

எடுத்த அரிசியை மூன்று பங்காக்க வேண்டும். ஒன்று சோதனைக்கு, ஒன்று ஆபீசுக்கு, ஒன்று சரக்குக்கு உரியவருக்கு. ஒவ்வொன்றையும் பொட்டலம் கட்டி, நூல் சுற்றி, அரக்கு ஊற்றி, முத்திரை குத்த வேண்டும். ஒரு மணி நேரம் பிடித்தது. எனக்கு அதில் பெருமை வேறு. என் முத்திரை கோணலாக விழுந்ததே இல்லை.

லயத்து ஜனம் வாசலில் கூடி நின்று பார்த்தது. முன்னால் நின்றவள் அஞ்சலை, பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவள். இறந்த நால்வரில் அவள் புருஷனும் மூத்த மகளும் இருந்தார்கள். இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை.

டிரஸ்ஸர் என் காதருகே சொன்னார்: "அந்தம்மா அரிசியத் தொடுறதே இல்லீங்க. ரெண்டு வாரமா மரவள்ளிக்கெழங்க அவிச்சுத்தான் புள்ளைக்குக் குடுக்குது."

சோதனைக்கூடம் இல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

மூட்டைகளை நிறுத்தி வைக்கும்படி தோட்டத்து மேனேஜர் துரையிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். ரிப்போர்ட் வரட்டும், அதுவரை ஆட்களுக்கு எதைக் கொடுப்பது என்றார். எனக்குச் சாம்பிள் எடுக்கத்தான் அதிகாரம். மூட்டையை முடக்க எங்கள் ஆபீஸ் பெரிய டாக்டரின் கையெழுத்து வேண்டும். சரி, ஸ்டோர்க் கணக்கு எழுதும் கிராணியிடமாவது சொல்லி வைப்போம் என்று, "அந்த டின்ன எறக்குங்க. இந்த மூட்டைகள ஒதுக்கி வைங்க," என்றேன்.

"நான் பாத்துக்கிறேன்லா. நீங்க கவலப்படாம போங்க," என்றார் கிராணி.

நம்பினேன். ரயிலைப் பிடிக்கும் அவசரமும் இருந்தது. வாசலில் நின்றவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பொறுப்பானவரிடம் தகவல் சொல்ல வேண்டும் என்பது விதி. லயத்து ஆட்கள் அந்தக் கணக்கில் வருவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பெரிய டாக்டர் தைப்பிங்குக்குப் போயிருந்தார். திரும்பி வந்து என் குறிப்பைப் படித்துவிட்டு, முதலில் ரிப்போர்ட் வரட்டும் என்றார்.

3. ரிப்போர்ட்

அது வர இருபது நாளாயிற்று. ஆர்சனிக் இருந்தது. டாக்டர் உடனே கையெழுத்துப் போட்டார். உத்தரவை எடுத்துக்கொண்டு ஓடினேன். டின் அதே தட்டில் இருந்தது. மூட்டைகள்தான் பாதியாகியிருந்தன.

லயத்துப் பக்கம் போனேன். அஞ்சலை வாசற்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். குழந்தை எங்கே என்று கேட்டுத் தொலைத்தேன்.

"போயிருச்சுய்யா. போன செவ்வாக்கெழம."

"நீதான் அந்த அரிசியத் தொடமாட்டியே, தாயி?"

"தொடலய்யா, நீங்க வர்ற வரைக்கும். நீங்க வந்து கெட்டத எல்லாம் பொட்டலம் கட்டி, அரக்கு வச்சு எடுத்துக்கிட்டுப் போனீங்க. நாந்தான் முன்னால நின்னு பாத்தேனே. மறுநா காலைல பேரு கூப்புடுற பெரட்டுல கிராணியும் சொன்னாரு, கவர்மெண்ட்டு ஆளு பாத்துட்டாரு, இனிமே பயமில்லன்னு. அதுக்கப்புறந்தான் சோறு பொங்குனேன். கெழங்கையே தின்னுக்கிட்டுக் கெடந்த புள்ளயா, சோத்தப் பாத்ததும் சிரிச்சுச்சுய்யா."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நான் போகாமலே இருந்திருந்தால் அந்தக் குழந்தை கிழங்கைத் தின்றுகொண்டு உயிரோடு இருந்திருக்கும். இதை மாற்றிச் சொல்ல எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன், முடியவில்லை.

துரை அங்கேயே இருந்தார். கிராணிக்கு வேறு தோட்டத்தில் வேலை கிடைத்தது. டிரஸ்ஸருக்கு மட்டும் சீட்டுக் கிழிந்தது.

அதன் பிறகு எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், மூட்டையில் கை வைப்பதற்கு முன் லயத்துக்குப் போய்விடுவேன். வீடு வீடாக நின்று, "நான் கெட்டத எடுத்துக்கிட்டுப் போக வரல. கெட்டதான்னு எனக்கே இன்னும் தெரியாது. நான் திரும்பி வந்து சொல்ற வரைக்கும் இந்த அரிசியப் பொங்காதீங்க," என்று சொல்வேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். எந்த விதியிலும் இது எழுதியிருக்காது.

ஒவ்வொரு லயத்திலும் யாராவது ஒருத்தி, "அது வரைக்கும் எதப் பொங்கறதுய்யா?" என்று கேட்பாள்.