கடல் முழுக்கச் சிவப்பு

நான் வேலை செய்த ஊர்காவற்றுறைக் கந்தோரில் இருந்த அந்தக் கொம்பியூட்டரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். வெளிநாட்டுக் காசில் நடந்த ஒரு குடிதண்ணீர்த் திட்டத்துக்காகக் கொழும்பிலிருந்து லொறியில் அதைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இந்திய ஆமி பாலங்களில் மறித்து நின்ற காலம். திறந்து காட்டச் சொன்ன இடங்களில் எல்லாம் பெட்டியைத் திறந்து காட்டி, திரும்பக் கட்டி, ஒருமாதிரி வந்து சேர்ந்தது. அதற்கென்று ஒரு தனி அறை, ஒரு மின்விசிறி, தூசு படாமல் போர்த்த ஒரு பூப்போட்ட துணி. வேலை செய்கிற எங்களுக்கு விசிறி இல்லை.

நான் அங்கே படம் கீறுகிறவள். தீவுகளில் உள்ள கிணறுகளின் தண்ணீரை மீற்றரால் அளந்து, எந்தப் பகுதி நல்ல தண்ணீர், எந்தப் பகுதி உப்பு என்று வரைபடத்தில் காட்டவேண்டும். நல்லதற்கு நீலம், உப்புக்குச் சிவப்பு. உப்பான ஊரில் ஒரு தண்ணீர்த் தாங்கி கட்டி, பவுசர் லொறியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து நிரப்புவது திட்டம். அந்த வருடம் ஒரு தாங்கிக்குத்தான் காசு இருந்தது. அது எந்த ஊருக்கு என்பதைக் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்து தீர்மானிப்பார் என்றார்கள்.

என் அக்கா சரவணையில் இருந்தாள். அத்தான் செத்துப்போக, ஒரே மகளோடு தனியாக இருந்தவள். அவளுடைய வீட்டு வளவுக் கிணறு படு உப்பு. அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, தேத்தண்ணி வைத்தால் பால் திரைந்துபோகும். குடிக்கவும் உலை வைக்கவும் விடியமுன்னம் வெள்ளாப்பிலேயே குடத்தைத் தூக்கிக்கொண்டு வேலணைப் பக்கம் ஒரு தோட்டக் கிணற்றுக்கு நடப்பாள். இடுப்பு நோவால் பாதி வழியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்தத் தாங்கி சரவணைக்கு வரவேண்டும். அதைவிட எனக்கு அப்போது வேறு ஆசை கிடையாது. அக்கா என்பதற்காக அல்ல, அளவும் அதைத்தான் சொல்லுகிறது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனபடியால் சொல்வதை விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தீவில் ஒருவரும் தன் கிணறு உப்பு என்று வாயால் சொல்லமாட்டார். அளக்கப் போன இடங்களில் எல்லாம், "கொஞ்சம் சவர்தான், பழகினால் தெரியாது" என்பார்கள். பெண் பிள்ளைக்குச் சீதனமாகப் போகிற வளவு, அதில் இருக்கிற கிணறு. அதை உப்பு என்று ஊரறியச் சொன்னால் வளவுக்கும் குறைச்சல், பிள்ளைக்கும் குறைச்சல். அக்காவின் மகளுக்கும் அதே ஊரில் ஒரு பெடியனைப் பேசிக்கொண்டிருந்தார்கள். மீற்றருக்கு வெட்கம் மானம் கிடையாது. அதனால்தான் நான் அந்த மெஷினை அவ்வளவுக்கு நம்பியிருந்தேன். எங்கள் வாய் சொல்லாததைத் திரை சொல்லட்டும் என்று நினைத்தேன்.

அதிகாரியும் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். கையால் நிறம் தீட்டிய படங்கள் வேண்டாமாம். எல்லா ஊர்க்காரரும் தங்கள் தங்கள் ஊருக்குச் சிவப்பு அடித்து அனுப்பி அவர் களைத்துப்போயிருந்தார். கொம்பியூட்டரில் பார்க்கிறேன் என்றார்.

கொம்பியூட்டரோ எங்களை நட்டாற்றில் விட்டது. கரைகளையும் உப்புப் பகுதிகளின் எல்லைகளையும் கோடு கோடாக ஏற்றி முடித்து, நிறம் போடச் சொன்னால், முதலில் நீலம் வந்தது. கடலும் நீலமாகத்தான் கிடந்தது, நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு சிவப்பு வந்தது. சரவணையில் ஒரு புள்ளியாகத் தொடங்கி, ஊரை நிரப்பி, அங்கே நிற்காமல் கடலுக்குள் இறங்கி, திரையின் நான்கு மூலைக்கும் போனது. கடல் முழுக்கச் சிவப்பு. நாங்கள் ஏற்றிய தீவுகளில் அனலைதீவு மட்டும் நடுவில் ஒன்றும் நடக்காததுபோல நீலமாக நின்றது.

எங்கள் எஞ்சினியர் புங்குடுதீவுக்காரர், அமைதியான மனிதர். முதல் நாள் வோல்ற்றேஜ் காணாது என்றார். கரண்டை நம்பாமல் ஜெனரேற்றரில் போட்டோம். அதே சிவப்பு. பிறகு சூடு என்றார். பூப்போட்ட துணியை எடுத்துவிட்டு, விசிறியைப் பின்பக்கம் திருப்பி வைத்தோம். அதே சிவப்பு. புரோகிராமுக்குள் எந்த வகைத் திரை என்று கேட்கிற ஓர் இடம் இருந்தது. அதில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ஒன்றில் திரை கறுத்தது, ஒன்றில் தீவுகள் கீலம் கீலமாகக் கிழிந்து தெரிந்தன, ஒன்றில் எல்லாமே பச்சை. திரும்பப் பழையதையே போட, பழைய சிவப்பு வந்தது. அந்த நேரத்தில் அதைக் கண்டு எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

கொழும்புக்குப் போன் எடுக்க யாழ்ப்பாணம் போகவேண்டும். எஞ்சினியர் ஒரு பகல் முழுக்க மினக்கெட்டுப் போய் மெஷின் விற்ற இடத்தில் பேசிவிட்டு வந்தார். கிராபிக்ஸ் காட், திரைக்குப் படம் அனுப்புகிற அட்டை, பழுதாம், கழற்றி அனுப்பட்டுமாம். அனுப்பினால் எப்போது திரும்பி வரும் என்று அவர்கள் சொல்லவில்லை. கழற்றித்தான் பார்ப்போம் என்று பெட்டியைத் திறந்தோம். அந்த அட்டையின் பித்தளைப் பற்களில் உப்புக்காற்றுப் பச்சை படிந்திருந்தது. இதுதான் சனியன் என்று எனக்கு ஒரே சந்தோசம். அழிறப்பரால் தேய்த்துத் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பச் செருகினோம். நிறங்கள் முன்னையைவிடப் பளிச்சென்று வந்தன. கடலும் முன்னையைவிடப் பளிச்சென்று சிவந்தது.

எஞ்சினியர் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "இனி என்னாலை ஏலாது. நீர் கும்பிடுற சாமியைக் கும்பிடும்," என்றார்.

நான் அதையும் செய்தேன். நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்தேன். அதிகாரி வருகிற நாள் விடிந்தது.

அவர் வெள்ளைச் சட்டை போட்ட, மரியாதையான மனிதர். யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பிலேயே வளர்ந்தவர். போர்வையை எடுத்து, திரையைப் போட்டு, நாங்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். நீலம் வந்தது, சிவப்பு வந்தது, கடல் சிவந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். கடலும் உப்புத்தானே, மெஷின் பிழையாகச் சொல்லவில்லை என்றார். அவர் பகிடியாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

கடதாசியில் நான் கீறி வைத்திருந்த படத்தை நீட்டினேன். கையில் வாங்கிப் பார்த்து, மடித்து, மேசையில் வைத்தார். நேரே போய்ப் பார்ப்போம், தண்ணீரை வாயில் வைத்தால் தெரியாதா என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாயில் வைக்கட்டும். அக்காவின் கிணற்றுத் தண்ணீரை ஒரு மிடறு வைத்தால் துப்பிவிடுவார். அதைவிட வேறு படம் எதற்கு?

சரவணையில் கிராம முன்னேற்றச் சங்கத்தின் பெரியவர் ஒருவர் எங்களோடு சேர்ந்துகொண்டார். அக்காவின் மகளுக்குப் பேசிய பெடியனின் தாய்மாமன் அவர். வீடு வீடாகப் போக நேரமில்லை, ஒரு வீடு காணும் என்று அதிகாரி சொல்ல, நான்தான் அக்கா வீட்டைக் காட்டினேன். படலையைத் திறக்க அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். கதிரை போட்டாள். அவர் இருந்ததும், குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அக்கா குசினிக்குள் போனாள். எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. வந்த ஆளுக்கு உப்புத் தண்ணீர் கொடுக்கிற வீடு எங்கள் தீவில் கிடையாது. எல்லா வீட்டிலும் நல்ல தண்ணீரில் ஒரு குடம் வருகிறவர்களுக்கென்று தனியே மூடி இருக்கும். வீட்டார் தாகத்துக்குக்கூட அதைத் தொடமாட்டார்கள். அக்கா அதில்தான் மூக்குப்பேணி நிறைய மொண்டு கொண்டுவந்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

அவர் முழுக்கக் குடித்தார். நல்ல குளிர்மையாக இருக்கிறதே என்றார். நான் பொறுக்கமாட்டாமல், அது வேலணையிலிருந்து சுமந்து வந்த தண்ணீர் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு. இவளும் தன் ஆட்களுக்குச் சிவப்பு அடிக்கிறாள் என்று அந்த நேரம் அவர் மனதில் ஓடியிருக்கும். அக்காவிடமே கேட்டார்.

"இது உங்கட கிணத்துத் தண்ணியோ, அம்மா?"

தாய்மாமன் படலையடியில் நின்றார். மகள் கதவுக்குப் பின்னால் நின்றாள். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஓம் ஐயா. எங்கட கிணறுதான்."

அதிகாரி எழுந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் நான் வெறும் ஆத்திரத்தில் அந்தத் திரைக்கு முன்னால் போய் இருந்தேன். எல்லாத் தீவும் சிவந்த இடத்தில் அனலைதீவு மட்டும் ஏன் தப்பியது? காட் பழுதென்றால் அதற்கும் பழுதாகத்தானே இருக்கவேண்டும்? கரையைப் பெரிதாக்கி, கோடு வழியே மெல்ல மெல்லப் போனேன். சரவணைப் பக்கம், புங்குடுதீவுக்குப் போகிற பாலம் கரையில் ஏறுகிற இடத்தில் கோடு நின்றது. தெருவின் மறுபக்கத்தில் திரும்பத் தொடங்கியது. இடையில் தெருவளவு வெளி. யாழ்ப்பாணப் பாலத்தடியிலும் அப்படித்தான். கடதாசியில் நாங்கள் எப்போதும் அப்படித்தான் கீறுகிறவர்கள். பாலத்தடியில் தெரு போகிறது, தெருவுக்குக் குறுக்கே எவராவது கோடு போடுவாரா? எங்களுக்கு அது வழி. மெஷினுக்கு அது ஓட்டை. பஸ் போகிற வழியால் நிறமும் கடலுக்குள் இறங்கியிருக்கிறது. அனலைதீவுக்குப் பாலம் இல்லை, வள்ளத்தில்தான் போகவேண்டும். அதன் கோடு சுற்றிவர மூடிக் கிடந்தது.

இரண்டு இடத்திலும் குறுக்கே ஒரு சின்னக் கோடு போட்டேன். நிறம் போடச் சொன்னேன். கடல் கடலாக நின்றது. சரவணை தன் எல்லைக்குள் சிவப்பாக, ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல் நின்றது. எஞ்சினியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றார். பிறகு அவர் கொழும்போடு பேசிப் பார்த்தார்தான். தாங்கி வேறொரு தீவுக்கு முடிவாகிவிட்டது, சரவணையில் நல்ல தண்ணீர் என்று அதிகாரியே வாயில் வைத்துப் பார்த்து எழுதியதை மாற்ற ஏலாது என்றார்கள்.

அக்காவோடு கொஞ்ச நாள் நான் பேசவில்லை. அவள் தொடர்ந்து குடம் சுமந்தாள். கலியாணப் பேச்சு முற்றி, ஒருநாள் வளவை எழுதிக் கொடுப்பது பற்றிப் பேசத் தாய்மாமன் வீட்டுக்கு வந்தார். நானும் போயிருந்தேன். எல்லை, வேலி, பனைகள் எல்லாம் பேசி முடிந்ததும், அக்கா தலையைக் குனிந்துகொண்டு, கிணறு கொஞ்சம் சவர் என்று மெல்லச் சொன்னாள். மகளைக் கொடுக்கிற இடத்தில் பொய் நிற்கக்கூடாது என்று அவளுக்குப் பட்டிருக்கவேண்டும்.

அவர் வியப்படையவில்லை. "அது தெரியும்தானே, பிள்ளை. இந்தப் பக்கத்திலை எந்தக் கிணறு நல்லது? எங்கட கிணறு இதைவிட மோசம். அண்டைக்கு அந்த ஐயாவுக்கு நீர் குடுத்தது சுமந்த தண்ணி எண்டு எனக்குத் தெரியாதோ? உம்மடை முற்றத்திலை நிண்டு உம்மைப் பொய்க்காரி ஆக்க ஏலுமோ? அதுதான் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனான்."

அவர் போன பிறகு அக்கா குசினிப் படியில் போய் இருந்தாள். மூக்குப்பேணி பக்கத்தில் கிடந்தது. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப நான் சொல்லியிருக்கலாம், என்னடி?"

நான் மூக்குப்பேணியை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். அவள் எழுந்து, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேலணைப் பக்கம் நடந்தாள்.