தடித்த அட்டை

தம்பியின் கிரிக்கெட் அட்டைகளை எறிவதற்காகத்தான் எடுத்தேன். அந்த வருடத்து மழையில் அலுமாரியின் பின்பலகை ஊறி, கீழ்த்தட்டு முழுக்கப் பூஞ்சணம் பிடித்திருந்தது. எங்கள் மலைநாட்டு இரத்தோட்டையில் மழைக்குத் தப்பிய அலுமாரி யார் வீட்டில் இருக்கிறது? பழைய சேலைகளை வெளியே இழுத்துப் போட்டபோது அடியில் ஒரு பிஸ்கட் டின் அகப்பட்டது. திறந்தால், அவன் சின்ன வயதில் சுவிங்கம் பக்கெட்டோடு இலவசமாக வந்த அட்டைகள். முன்பக்கம் ஆட்டக்காரரின் படம், பின்பக்கம் ஓர் எண்ணும் நாலு வரி விபரமும். அவன் அட்டை சேர்த்த காலத்தில் நான் ஆசிரியர் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தேன். அதனால் இந்த டின்னைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

தம்பி இப்போது ருமேனியாவில் இருக்கிறான். மனைவி பிரிந்து போன பிறகு, இங்கே இருந்து என்ன செய்ய என்று கிளம்பியவன், அங்கே ஒரு சாமான் கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கூப்பிடுவான். "சாப்டீங்களா அக்கா?" "சாப்டேன். நீ?" "ம். அங்க மழையா?" "மழைதான்." "சரிக்கா, வைக்கிறேன்." அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் அதற்கு மேல் பேச்சு வராது. வைத்த பிறகு போனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை; அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. ரிவர்ஸ்டன் போகிற பாதையில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். பகல் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சல் காதைக் கிழிக்கும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால், மறுநாள் காலையில் பஸ் கொண்டக்டர் "டீச்சர், முன்னுக்குப் போங்க" என்று சொல்லும் வரை என்னோடு பேச ஒருவரும் இல்லை. தனிமை பழகிவிடும் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குப் பழகவே இல்லை.

எறிவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்போம் என்று டின்னைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். பதில் வராது என்றுதான் நினைத்தேன். அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்குள் வீடியோவில் வந்து நின்றான்!

"எறியாதீங்க அக்கா! இதுக்கெல்லாம் இப்ப கிராக்கி. ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டுங்க."

காட்டினேன். அன்றிலிருந்து எனக்கு இன்னொரு வகுப்பு ஆரம்பமானது. அதில் நான் மாணவி. முதலில் பின்பக்கத்து எண்ணைப் பார்க்க வேண்டுமாம். எந்தத் தொடர், எந்த வருடம் என்பதெல்லாம் அதை வைத்துத்தான் தெரியுமாம். பிறகு நாலு மூலையும் கூராக இருக்கிறதா, மழுங்கி இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். படத்தைச் சுற்றியுள்ள வெள்ளைக் கரை இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அகலமா என்று அடிமட்டம் வைத்து அளக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் தேட வேண்டும்.

"மெதுவா சாய்ங்க அக்கா, மெதுவா! நகம் படுது!"

"கத்தாதடா. நான் என்ன நீ பெத்த பிள்ளையா?"

அவன் சிரித்தான். அவன் சிரித்து நான் கேட்டு எத்தனையோ காலம். எல்லாம் சாதாரண அட்டைகள்தான், எங்கும் கிடைப்பவை என்று அவனே சொன்னான். ஒன்றே ஒன்று மட்டும் கையில் எடுத்ததும் வேறு மாதிரி இருந்தது. கையை உயர்த்திச் சிரிக்கிற ஒரு பந்துவீச்சாளரின் படம். மற்ற அட்டைகளைவிட நல்ல தடிப்பு.

"இது என்னடா, இவ்ளோ தடிப்பா இருக்கு?"

அவன் போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டு வந்து பார்த்தான். பிறகு, "அப்பிடியா? அப்ப அது விசேஷமா அச்சடிச்சதா இருக்கும் அக்கா. கடை கிடைக்கெல்லாம் கொண்டு போகாதீங்க, ஏமாத்திருவாங்க. தபால்லயும் போட்றாதீங்க. நான் வந்து எடுத்துக்கிறேன்" என்றான்.

வந்து எடுத்துக்கொள்கிறானாம். போனதிலிருந்து வருகிறேன் என்று அவன் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லுக்காக அந்த அட்டையைப் பட்டுச் சேலை மடிப்பில் வைத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் கூப்பிட்டான். வேலைக்குப் போகிற வழியில், சாப்பிடுகிற நேரத்தில், துணி காயப்போடுகிறபோது. தடித்த அட்டையின் மூலை எப்படி, ஓரம் எப்படி என்று தொடங்கினால், பேச்சு எங்கள் அப்பாவின் குடையில் போய் நிற்கும், அவன் அறையில் பக்கத்துக் கட்டில்காரனின் குறட்டையில் போய் நிற்கும். நான் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்தேன் என்றால் நம்புங்கள். அவன் வந்தால் படுக்க வேண்டுமே என்று பின்னறையைக்கூட ஒழித்து வைத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அட்டை பெரிய விலை பெறும் என்று உறுதியாகத் தெரிந்தால் அவன் டிக்கட்டே போட்டுவிடுவான் என்று எனக்கு ஆசை. ஒரு சனிக்கிழமை, அவனிடம் சொல்லாமல், அட்டையைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து மாத்தளைக்கு பஸ் ஏறினேன். பழைய காசு, முத்திரை, அட்டை எல்லாம் வாங்கி விற்கிற ஒரு முஸ்லிம் நானா, மணிக்கூடு திருத்தும் கடையில் பாதி மேசையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். எண்ணைப் பார்த்தவுடனேயே தலையை ஆட்டினார்.

"டீச்சர், இது கொமன் கார்ட். இதே நம்பர், இதே படம், என்கிட்டயே ஒரு கட்டு கிடக்கு."

"இல்ல நானா, தடிப்பப் பாருங்க."

அவர் மணிக்கூட்டுக்காரரின் பூதக்கண்ணாடியை வாங்கி என்னிடமே தந்தார். அட்டையின் ஓரத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள். நடுவில் பழுப்பாக ஒன்று, அதில் நசுங்கிக் காய்ந்த ஒரு சோற்றுப் பருக்கை.

"ரெண்டு கார்ட சோத்தால ஒட்டியிருக்கு. நாங்களும் சின்னதுல செஞ்சதுதான். கீழ கவுத்து வச்ச கார்டை இன்னொரு கார்டால ஓங்கி அடிப்போம். அது நிமிந்தா அடிச்சவனுக்கு. பாரமா இருந்தாத்தான் அடி விழும், அதுக்குத்தான் ஒட்டுறது. சல்லி ஒண்ணும் வராது டீச்சர், கவலப்படாதீங்க."

காசுக்காகக் கவலைப்படுகிறேன் என்று நினைத்தார் பாவம். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். சொன்னால் அவன் வரமாட்டான். அதைவிட, கூப்பிடவும் மாட்டான். சொல்லாமலே இருந்துவிடலாம், ஒரு சின்னப் பொய்தானே என்று நினைத்தேன். வழியில் பலாபத்வலயில் இறங்கி, அங்கிருக்கும் உறவுக்காரி ஒருத்தியிடம் புலம்பலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அவளிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

மறுநாள் காலை அவன் கூப்பிட்டான். "அக்கா, தடிச்சத எடுங்க, கீழ் ஓரம் பார்ப்போம்" என்றான். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அது ஒண்ணுமில்லடா. மாத்தளையில காட்டினேன். சாதா அட்ட. சோத்தால ஒட்டியிருக்காம்."

வீடியோவில் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தெரியும் அக்கா" என்றான்.

"என்ன தெரியும்?"

"ஒட்டினதே நாந்தான? அம்மா வடிச்ச சோத்துல ஒட்டி, அம்மிக்கு அடியில வச்சுக் காய விட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "எரும மாடே! அப்புறம் எதுக்குடா என்னய அடிமட்டம் வச்சு அளக்க வச்ச? பெரிய இவனாட்டம் மூலையக் காட்டு, ஓரத்தக் காட்டுன்னு!"

"வேற என்னத்த அக்கா பேசுறது?" என்றான். "சாப்டீங்களா, மழையா… அதுக்கப்புறம் நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லியே. வச்சிட்டு நான் இந்தச் செவத்தப் பாத்துக்கிட்டுக் கிடப்பேன்."

அந்தச் சுவரை வீடியோவில் பார்த்தேன். சட்டை தொங்குகிற ஓர் ஆணியைத் தவிர அதில் எதுவும் இல்லை. இங்கே நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவன் அங்கே அதைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறான்.

"வர்றேன்னு சொன்னியேடா. அதுவும் சும்மாவா?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நான் திரும்பக் கேட்கவில்லை. பிறகு, "டின்னுல வேற ஒண்ணு எடுங்க அக்கா" என்றான்.

எடுத்தேன். கரப்பான் அரித்து ஒரு மூலையே இல்லாத அட்டை.

"பின்னாடி திருப்புங்க. நம்பர் என்ன?"

திருப்பினேன். கண் நிறைந்திருந்ததில் எனக்கு எண் தெரியவில்லை. வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொன்னேன்.

"அது லேசுல கெடைக்காத நம்பர் அக்கா" என்றான். "மெதுவா சாய்ங்க, பார்ப்போம்."