மலேசிய வழக்குக்குக் கல்முனை பஸ்

இல்லை, சாட்சி சொல்ல மலேசியாவுக்குப் போகத் தேவையில்லை. வழக்கு அங்கே நடந்தாலும், அந்த நாடு நம் நாட்டிடம் கேட்டுக்கொண்டால் கொழும்பு நீதிமன்றத்திலேயே வீடியோவில் சாட்சி எடுப்பார்கள். போன பதிவின் கீழே கேட்டவர்களுக்காக எங்கள் பயணத்தையே எழுதிவிடுகிறேன்.

சாட்சி என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர் றிஸ்வான் மச்சான். அவரைக் கடை வேலை என்று மலேசியாவுக்குக் கூட்டிப்போய், பாஸ்போர்ட்டைப் பறித்து, பூட்டிய கட்டடத்துக்குள் வைத்து, ஆட்களை ஏமாற்றும் மெசேஜ் அனுப்ப வைத்தார்கள். கூட்டிப்போனது என் உம்மாவின் சொந்தத் தம்பி. இப்போது அவர் அங்கே சிறையில்.

நேற்றுக் காலை ஆறு மணிக்குக் கல்முனையில் பஸ் ஏறினோம். அம்பாறை, மகியங்கனை, கண்டி வழியாகக் கொழும்புக்குப் பத்து மணித்தியாலம். வலப்பக்கம் உட்காருங்கள், வெயில் குறைவு.  மகியங்கனையில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது மச்சான் பையோடு இறங்கிவிட்டார்.

“நான் திரும்பிப் போறன்டா. நான் கதைச்சா உங்கும்மா என்னய வீட்டுக்க எடுப்பாவா?”

எங்கள் ஊர்ப் பக்கம் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார்தான் வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வார். தம்பிக்கு எதிராகச் சாட்சி என்றதிலிருந்து உம்மா அவரோடு பேசுவதில்லை. பஸ் ஹோர்ன் அடித்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை, ராத்தாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“என்ன, மலையக் கண்டு பயந்திட்டீங்களா?”

“மாமி...” என்று இழுத்தார் மச்சான்.

“உம்மா உம்மாட வீட்டுல இருக்கட்டும். இந்த வீடு என்ட பேர்ல எழுதினது. இன்னும் எத்தின புள்ளயள் அந்தக் கட்டடத்துக்க கிடக்குதுகளோ, அல்லாஹ்தான் அறிவான். போய் உள்ளதச் சொல்லுங்க.”

“சொல்லாம வந்தா?”

“அப்பதான் கதவத் திறக்க மாட்டன்.”

டிரைவரே சிரித்துவிட்டார். “ஏறுங்க தம்பி, வீட்டுக்காரி சொல்லிட்டா.” மச்சான் ஏறி, வாங்கிவைத்த முட்டை ரொட்டியை முழுதாகத் தின்றார். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அதற்குப் பிறகுதான் மலையேறும் பதினெட்டு வளைவு. ஜன்னலோரம் நான் இருந்தேன், மச்சானின் வாந்தியில் நனைந்தது பாவம் என் சேட்டு.

இரண்டு நாடுகள் கடிதம் எழுதி, நாள் குறித்து, மொழிபெயர்ப்பாளரும் வைத்தாயிற்று. ஒரு மனிதன் மகியங்கனையில் இறங்கிவிட்டால் எல்லாம் வீண்.

மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால். இங்கே விடியவே தொடங்கிவிடுவார்கள், முதல் நாளே வந்துவிடுங்கள். அடையாள அட்டை கட்டாயம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லுங்கள். திரையில் குற்றம்சாட்டப்பட்ட ஆளின் முகம் தெரியுமாம், அதற்கும் மனதைத் தயார்...

இங்கே நீதிமன்றத்தில் மச்சானின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். “வாடா” என்று எழுந்துவிட்டார். வாசலில் போனை வாங்கிவைக்கிறார்கள். நான் போக வேண்டும்.