சரஸ் வாங்கத் தாராவிக்குப் போன நாள்

அறுபதுகளின் நடுவில், மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை, மாட்டுங்காவிலிருந்து தாராவி வழியாகச் செம்பூர் போனேன். செம்பூரில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வெளிநாட்டு ஜெலட்டின் வருவது நின்றிருந்தது. தோல் துண்டுகளைக் காய்ச்சி எடுக்கும் பசையை வைத்துச் சமாளிக்கலாம் என்றார்கள். பம்பாயில் அதற்குப் பெயர் சரஸ். என் மனைவி சரஸ்வதியையும் நான் அப்படித்தான் கூப்பிடுவேன். சின்னச் சண்டையில் பாலக்காட்டில் பிறந்த வீட்டுக்குப் போனவள், "நீங்க வந்து கூப்டாத்தான் வருவேன்" என்று இருந்துவிட்டாள். லீவு கிடைக்காது, உன் அண்ணனோடு கிளம்பி வா என்று நானும் வீம்பாக இருந்தேன். ராத்திரியில் வீடு காலியாக இருப்பது தாங்கவில்லை.

மாட்டுங்கா ஸ்டேஷனில் ரயில் பாதையைக் கடந்து நடந்தால் தாராவி இருபது நிமிடம். வழி கேட்க வேண்டாம், தோல் நாற்றத்துக்கு மூக்கு போதும். பசை காய்ச்சும் பட்டறைக்காரர் முத்தையாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். சரஸ் இருக்கிறதா என்று கேட்டேன்.

"சரஸ் நேத்தே போயிட்டுல்லா, சார்."

எனக்குப் பாலக்காடு ஞாபகம் வந்துவிட்டது. பசைக்காகக் கண்கலங்கியவனை அவர் அன்றுதான் பார்த்திருப்பார்.

"ஏன் மொகம் வாடிட்டு? உள்ள கொஞ்சம் கெடக்கு. ஆள் அனுப்புனா அழுக்கைத்தான் கட்டிக் குடுப்போம். நீங்களே வந்துட்டியள்லா, நல்லதாத் தாரேன்."

சயானிலிருந்து செம்பூருக்குப் பஸ், பதினைந்து பைசா. ஆய்வுக்கூடத்தில் நண்பன் மணியும் நானும் சரஸைச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயம் ஏற்றி, ஸ்டார்ச்சுக் கஞ்சிக்கு நடுவே ஒரு கோடாக விட்டோம். இரண்டுமே நீளமான சங்கிலி மூலக்கூறுகள். காரம் கலந்த நீரில் சரஸுக்கு மட்டும் மின்னேற்றம் வரும். மின்சாரம் கொடுத்தால் கஞ்சிச் சங்கிலிகளுக்கிடையே நுழைந்து நேர்முனைப் பக்கம் நகரும். கஞ்சி கெட்டியாக இருந்தால் தாமதமாகும், அவ்வளவுதான். நான் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனை நாழி பாத்துண்டிருப்பே? கரண்டே போடலை. அது தானா வராதுடா" என்றான் மணி.

ஸ்விட்சைப் போட்டேன். மதியச் சாப்பாட்டுக்குள் சிவப்புக் கோடு அரை விரல் நகர்ந்திருந்தது. அவளை அப்போதே பார்க்கவேண்டும் போலிருந்தது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

தாராவிக்குச் சரஸ் வாங்கப் போகிறவர்கள் மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஈரத்தில் சரஸ் கையோடு ஒட்டிக்கொள்ளும். பழைய செருப்புப் போட்டுக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். ஆளை மட்டும் அனுப்பாதீர்கள். பாலக்காட்டில் நான் போய் நின்றபோது சரஸ்தான் கதவைத் திறந்தாள். துணியெல்லாம் எடுத்து வைத்துக்கொள்ளேன் என்றேன்.

"பெட்டியை நான் பிரிக்கவே இல்லையே" என்றாள்.