பீரங்கி வண்டிக்கு ஒரு சந்தனப் பொட்டு

லேத் பட்டறை நடத்துகிறவருக்கு ஒரு காது மெஷினுக்கு, இன்னொரு காது வாடிக்கையாளருக்கு; வீட்டார் சொல்வதைக் கேட்க மூன்றாவது காது கிடையாது. இதே தொழிலில் கிடந்து உழலும் நண்பர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது என் பட்டறை. ரயில் பெட்டிகளுக்கான இரும்புப் பின்களைக் கடைந்து பெரிய கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். எல்லையில் சண்டை மூண்டதும் அந்தக் கம்பெனி ரயில் வேலையை ஓரங்கட்டிவிட்டு ராணுவ வேலைக்கு மாறியது. எங்களையும் மாறச் சொன்னார்கள். பீரங்கியை லாரியோடு பூட்டி இழுக்கிற பின்தான் வேலை. முதல் லாட், அதாவது முதல் தவணைச் சரக்கு, சோதனையில் தேறினால் தொடர்ந்து ஆர்டர். தேறாவிட்டால் ரயில் வேலையும் இல்லை, இதுவும் இல்லை, பட்டறைக்குப் பூட்டு. மாட்டேன் என்று சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. சரி என்றேன்.

வாசலில் நின்றவர்

செய்தி திருச்செங்கோடு வரை போய்விட்டது. போர்வெல் போடும் ரிக் லாரி வைத்திருக்கும் எங்கள் பழைய வாடிக்கையாளர், வழக்கமாகப் பீடியும் கையுமாக மெஷின் வரை வந்து நிற்கிற ஆள், அன்று வாசலிலேயே நின்றுகொண்டார். பீடியைக் காலில் போட்டு நன்றாக நசுக்கினார். உள்ளே வாங்க, டீ சாப்பிடலாம் என்றேன். எட்டி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வாரனுங்க அம்மிணி, ஆனா குண்டெல்லாம் எந்தப் பக்கம் அடுக்கி வெச்சிருக்கீங்கன்னு மொதல்ல சொல்லிப்போடுங்க."

மேல் அளவு

ராணுவ வரைபடத்தில் பின்னின் தடிமன் இதற்குக் குறையக் கூடாது, இதைத் தாண்டக் கூடாது என்று இரண்டு அளவு. நடுவில் நிற்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. லேத்தில் கடையும் எங்கள் டர்னர் பழனியப்பன் அண்ணன் ரிக் வேலையில் ஊறியவர்; தேய்மானத்துக்கு இடம் விட்டுத்தான் கடைவார். எல்லாப் பின்னும் மேல் அளவை உரசிக்கொண்டு நின்றது. மயிரிழை தாண்டினாலும் மொத்தமும் போச்சு என்று கத்தினேன். அவர் மெஷினைக்கூட நிறுத்தவில்லை. "தாண்டுலீங்களே அம்மிணி, கொறைச்சுக் குடுத்தா என்ற கைக்கே கேவலமுங்க."

பொட்டு

எந்தப் புது வேலையானாலும் முதல் லாட்டுக்குப் பொட்டு வைத்து அனுப்புவது எங்கள் வழக்கம். ரயில் பின்னுக்குக் கம்பெனியில் கறுப்புப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். பொட்டைப் பற்றிக் கேட்பாரில்லை. ராணுவப் பின்னுக்குப் பெயின்ட் கிடையாது. துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் மட்டும்தான். எண்ணெயில் சந்தனம் ஒட்டவில்லை. வெள்ளிக்கிழமை பூஜையில் பழனியண்ணன் ஒவ்வொரு பின்னிலும் பொட்டு வைக்கிற இடத்தை மட்டும் துணியால் சுத்தமாகத் துடைத்து, ஈரச் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்தார். "யாரு பெத்த பசங்களோ, இதை நம்பி மலையேறப் போறாங்க" என்றார். சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

திங்கட்கிழமை ராணுவத் தரப்பு இன்ஸ்பெக்டர் வந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர், சிரிப்பதற்குத் தனிச் சம்பளம் கேட்கிற முகம். ஒரு பின்னை எடுத்துப் பொட்டைத் துடைத்தார். அடியில் அதே வட்டத்தில் துரு. இன்னொன்றை எடுத்தார். அதிலும் துரு. மொத்த லாட்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, துருவைக்கூட இவ்வளவு வரிசையா, வட்டமா பிடிக்க வைக்கிற பட்டறையை இப்பதான் பார்க்கறேன்."

மூடி

இன்னொரு முறை காட்டுகிறோம் என்று கேட்டேன். சரியென்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். துருவை எடுக்க முழுப் பின்னையும் கிரைண்டிங் செய்ய வேண்டும். செய்தால் அளவு குறையும். நான் சொன்னபடி நடு அளவில் கடைந்திருந்தால் எல்லாம் கீழ் அளவுக்கும் கீழே போய்ப் பழைய இரும்புக் கடையில் கிடந்திருக்கும். பழனியண்ணன் மேல் அளவில் நிறுத்தியிருந்ததால் கழிக்க இடம் இருந்தது. எல்லோரும் சேர்ந்து இறங்கினோம். எண்ணெய் பூசிய பிறகு யாரும் விரல் வைக்கவில்லை. ஆனாலும் அண்ணனுக்குப் பொட்டில்லாமல் அனுப்ப மனசில்லை, முகம் வாடிவிட்டது. மரப்பெட்டி மூடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். தோசை அளவுக்கு வைத்தார்.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாக அளந்தார். மெஷினையெல்லாம் நிறுத்திவிட்டு நின்றிருந்தோம். கடைசிப் பின்னையும் வைத்துவிட்டு, "தேறிடுச்சு" என்றார். அப்போதுதான் மூடியைக் கவனித்தார். பழனியண்ணன் துணியை எடுத்துக்கொண்டு ஓடினார். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டித் தடுத்தார்: "இருக்கட்டும் பெரியவரே, அடுத்த லாட்டுக்கும் இதே இடத்துல வைங்க, எது மேல்பக்கம்னு தெரியாம எங்க ஆளுங்க பெட்டியைத் தலைகீழா வைக்கிறாங்க."

அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் இரும்புக்கு எண்ணெய், மரத்துக்குச் சந்தனம். இதை இடம் மாற்றாதவரை ராணுவமும் சரி, சாமியும் சரி, எங்கள் மேல் குறை சொல்வதில்லை.