சுமதியின் மேல் பஞ்சமம்

தைராய்டு ஆபரேஷன் முடிந்த நான்காவது மாதம் சுமதி என் ஸ்டூடியோவுக்கு வந்தார். செங்கம் ரோட்டில் இரண்டே அறை கொண்ட ஸ்டூடியோ என்னுடையது. சுமதி கீழ்பென்னாத்தூர்க்காரர். எங்கள் பக்கத்துத் திருவிழா மேடைகளில் பல வருடமாக அம்மன் பாட்டு என்றால் அவர்தான். ஆபரேஷனில் போன பேச்சு வந்துவிட்டது, பாட்டு வருமா என்று விழாக் கமிட்டிக்காரர்களுக்குச் சந்தேகம். ஆடி மாதத்துக்கு ஒருவரும் புக் செய்யவில்லை. புதுப் பாட்டு ஒன்றை யூடியூபில் போட்டால் சந்தேகம் தீரும் என்று வந்திருந்தார்.

ஐந்து கட்டை சுருதியில் பின்னணி இசை ட்ராக் தயாராக இருந்தது. சரணத்தில் மேல் பஞ்சமத்தில் நின்று ‘தாயே’ என்று நீட்ட வேண்டும். ஏழு டேக் எடுத்தோம். ஏழிலும் குரல் ஒரு சுரம் கீழேயே நின்றது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

ட்யூனிங் சாஃப்ட்வேரைக் கண்டுபிடித்தவருக்குக் கோயிலே கட்டலாம். பாடிய ஒவ்வொரு சுரமும் திரையில் ஒரு துண்டாகத் தெரியும். மவுஸால் பிடித்து மேலே தள்ளினால் குரல் ஏறிவிடும். சுரம் அசையும் கமகத்தை மட்டும் தட்டையாக்கக் கூடாது. ஆக்கினால் அம்மன் பாட்டு ரிங்டோன் ஆகிவிடும். அரைநாள் உட்கார்ந்து அந்தத் ‘தாயே’வைத் தூக்கி நிறுத்தினேன். ஒட்டுப்போட்ட இடம் எனக்கே தெரியவில்லை. கர்வமாக இருந்தது.

மறுநாள் ஹெட்ஃபோனில் கேட்ட சுமதிக்குக் கண் கலங்கியது. சந்தோஷம் என்று நினைத்தேன்.

“நல்லாத்தான் கீதுண்ணா. ஆனா எனக்கு வேணாம். இத கேட்டுட்டுத்தான் புக் பண்ணுவாங்க, மேடையில இதே பாட்டத்தான் மொதல்ல கேப்பாங்க. அங்க வந்து நீங்க தூக்கி வுடுவீங்களா? ஒரு கட்டை கம்மி பண்ணிடுங்க.”

எனக்குக் கோபம்தான் வந்தது. கீபோர்டை மாற்றுவது சுலபம். புல்லாங்குழலுக்கு வேலூரிலிருந்து ஆளை மறுபடி வரவழைக்க வேண்டும். சுருதியைக் குறைத்தால் குரல் இறங்கிவிட்டது என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்றேன்.

“தெரியட்டும்ணா. வந்து நின்னு பாடறேன்னும் தெரியும்ல.”

நான்கு கட்டையில் ட்ராக்கை மாற்றி மறுபடி எடுத்தோம். திரையில் பார்த்தேன்: ‘தாயே’ பஞ்சமத்தின் கோட்டின்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது. பல்லவியில் ஒரே ஓர் இடத்தை லேசாகச் சரிசெய்தேன், அவ்வளவுதான். இப்போதெல்லாம் ட்யூனிங்குக்கு வருபவர்களிடம், இதை மேடையில் பாடப்போகிறீர்களா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் மவுஸைத் தொடுகிறேன்.

பாட்டு வெளியாகி, ஆடிக்கு மூன்று ஊர்களில் அழைத்தார்கள். முதல் ஊரில் மிக்ஸரில் நான்தான் இருந்தேன். அதே ட்ராக்கைப் போட்டு சுமதி பாட ஆரம்பித்தார். சரணம் நெருங்கும்போது கமிட்டித் தலைவர் என் காதருகே குனிந்தார்.

“இன்னா சார், ரெகார்ட போட்டுட்டு வாய மட்டும் அசைக்குதா?”

ட்ராக்கின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை அடிவரைக்கும் இறக்கினேன். கீபோர்டு, தவில், புல்லாங்குழல் எல்லாம் நின்றன. சுமதி ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு முன்னால் திரும்பி, ‘தாயே’ என்று ரெகார்டில் இருந்ததைவிட நீளமாகப் பாடினார்.