ஆறாங்கட்டைத் தோட்டத்து இன்ஜினியர்

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர் பரஞ்சோதியின் மகள் ஜெனவீவ் மெட்ராஸில் பௌதிகம் படித்தவள் என்பது ஆறாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் பலருக்குத் தெரியாது. அதற்கு அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மகள் கப்பலேறிய நாளிலிருந்து டிரெஸரே ஆளுக்கொரு கதை சொல்லிவந்தார். பக்கத்து ஊர் கரங்கான் மாதா கோயிலில் கேட்டவர்களிடம் டீச்சர் வேலைக்குப் படிக்கிறாள் என்றார். கணக்கெழுதும் கிராணி வீட்டில் நர்ஸ் வேலைக்கு என்றார். ஆண்பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் உட்கார்ந்து மின்சாரமும் வெப்பமும் படிக்கிறாள், அது முடிந்ததும் இன்ஜினியரிங் வேறு சேரப்போகிறாள் என்று உள்ளதைச் சொன்னால் பெண்ணை யார் கட்டுவார்கள் என்பது அவர் கவலை. ஊசி போடும்போது கை நடுங்காத மனிதர், இந்த ஒரு விஷயத்தில் சரியான பயந்தாங்கொள்ளி.

அது பாதிரிமார் நடத்திய கல்லூரி. காலையில் ஜெபம், பிறகு பாடம், மதியத்துக்கு மேல் சோதனைச்சாலை. ஜெபத்தில் ஜெனவீவுக்குக் கொட்டாவி வரும். சோதனைச்சாலையில் பசியே தெரியாது. அங்கே வெப்பம் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரப் பாதிரியார் எந்த வாதத்தையும் வளர விடமாட்டார். "செய்து காட்டு" என்பார். செய்து காட்டினால் ஒப்புக்கொள்வார். தன் கருத்துக்கு எதிராக இருந்தாலும் ஒப்புக்கொள்வார். உலகமே அப்படித்தான் நடக்கிறது என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். இருபது வயதில் அப்படித் தோன்றுவது பெரிய குற்றம் இல்லை.

நாற்பத்தொன்றாம் வருஷம் கோடை விடுமுறைக்கு வந்தவளுக்குப் படிப்பில் இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி. யுத்தத்தில் கப்பல்களைக் குண்டு போட்டு மூழ்கடிக்கிறார்கள் என்று சொல்லி டிரெஸர் அவளைத் திருப்பி அனுப்ப மறுத்துவிட்டார். அவள் சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள், கத்தியும் பார்த்தாள். அம்மா நவமணி ஜெபமாலையோடு மூலையில் உட்கார்ந்துகொண்டாள். டிசம்பரில் ஜப்பான்காரன் சைக்கிளில் வந்து சேர்ந்தான். வெள்ளைக்காரத் துரை மோட்டாரை எடுத்துக்கொண்டு பினாங்கு பக்கம் கம்பி நீட்டினார். அதற்குப் பிறகு கப்பல் என்ற பேச்சே எழவில்லை.

அவளுக்கு ஒரே தம்பி, சிரில். மூன்று வயது இளையவன். பந்து விளையாட்டில் புலி, மாதா கோயிலில் பாட்டுக்கு முதல் ஆள், சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டவன். யார் வீட்டில் விறகு பிளக்க வேண்டுமென்றாலும் கூப்பிட்ட குரலுக்குப் போய் நிற்பான். நல்ல பையன். அதைத் தவிர அவனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அப்போது அவனுக்கு வயதும் அதிகம் இல்லை.

நாற்பத்துமூன்றில் வடக்கே சயாம் நாட்டுக்கு ஆள் பிடிப்பு தொடங்கியது. ரயில் பாதை போடும் வேலை. முதலில் அரிசி தருவோம், சம்பளம் தருவோம் என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். பிறகு ஒன்றும் சொல்லாமலே கூட்டிப்போனார்கள். தோட்டத்துக்கு இத்தனை தலை என்று மேலேயிருந்து உத்தரவு வரும். கூலிகள் குடியிருந்த லயத்தில் வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளை குறைந்தான்.

துரை பங்களாவில் அப்போது குடியிருந்தவர் ஒகாடா என்ற அதிகாரி. மூக்குக் கண்ணாடி போட்ட அமைதியான ஆள். லாரிக்குப் பெட்ரோல் இல்லாமல் அவர் தவித்துக்கொண்டிருந்தார். ஸ்டோரில் ரப்பர் ஷீட்டு விலைபோகாமல் கூரை வரை அடுக்கிக்கிடந்தது. ரப்பரைக் காய்ச்சினால் எண்ணெய் எடுக்கலாம் என்று வேறு தோட்டங்களில் செய்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவர் ஜப்பான் பாஷையில் ஏதோ சொல்ல, பழைய கிராணியும் இப்போதைய மொழிபெயர்ப்பாளருமான தர்மலிங்கம் அதைத் தமிழில் சொன்னார்.

"காய்ச்சத் தெரிஞ்ச ஆளு யாராச்சும் இருக்கீங்களா? எஞ்சின் வேலை, பௌதிகம், அந்த மாதிரி படிச்சவங்க? அவங்கள சயாமுக்கு அனுப்பமாட்டாங்களாம்."

டிரெஸர் பரஞ்சோதி சிரிலின் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார்.

"இவன் என் மகன். மெட்ராஸ்ல பாதிரிமார் காலேஜ்ல இன்ஜினியரிங் படிச்சவன்."

சிரில் கரங்கான் திடலைத் தாண்டி வெளியூர் எதற்கும் போனவன் இல்லை என்பது முழுத் தோட்டத்துக்கும் தெரியும். ஒருவரும் மூச்சுவிடவில்லை. அங்கே நின்ற பாதிப்பேரின் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி வெட்டியவர் டிரெஸர். தர்மலிங்கம் மட்டும் ஒரு கணம் டிரெஸரைப் பார்த்துவிட்டு, சொன்னதைச் சொன்னபடியே ஜப்பான் பாஷையில் சொன்னார்.

பெண்கள் வரிசையில் நின்ற ஜெனவீவுக்கு முதலில் வந்தது கோபம்தான். தான் பட்டினி கிடந்தும் திரும்பக் கிடைக்காத படிப்பை அப்பா ஒரே தள்ளலில் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். மறுகணமே தம்பி பிழைத்தான் என்ற நிம்மதி வந்தது. இரண்டும் அவளுக்குள் சேர்ந்தே இருந்தன. ஒன்று வந்ததால் மற்றது போய்விடவில்லை.

மறுநாளே வேலை தொடங்கியது. தம்பிக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன் என்று அவித்த மரவள்ளிக்கிழங்குத் தூக்கோடு அவளும் ஸ்டோருக்குப் போனாள். தார் வந்த இரும்பு டிரம்மில் ஷீட்டுத் துண்டுகளைப் போட்டு, மூடியைக் களிமண்ணால் பூசி, கீழே விறகு மூட்ட வேண்டும். எழும் ஆவி ஒரு குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்க் குளிர்ந்து, மறுமுனையில் எண்ணெயாகச் சொட்டும். எழுத்தில் இவ்வளவுதான். தீ கொஞ்சம் மீறினால் ரப்பர் பொங்கிக் குழாயை அடைத்துவிடும். பிறகு டிரம் வெடிக்கும். புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்படி வெடித்து இரண்டு பேர் வெந்துபோயிருந்தார்கள்.

அவ்வளவு சூட்டை அளக்கிற கருவி அந்த வட்டாரத்திலேயே இல்லை. டிரெஸரிடம் இருந்தது காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குச்சி. ஜெனவீவ் யோசித்தாள். வெள்ளீயம் எந்தச் சூட்டில் உருகும், காரீயம் எந்தச் சூட்டில் உருகும் என்பது படித்த பாடம். டிரம் மூடியின் மேல் இரண்டிலும் ஒவ்வொரு துண்டு வைத்தாள்.

"வெள்ளீயம் உருகுற வரைக்கும் தீய ஏத்துடா. காரீயம் மட்டும் உருகவே கூடாது. இளக ஆரம்பிச்சா விறக இழுத்துப் போட்டுரு."

"இதுக்கா அக்கா கப்பலேறிப் போயி படிச்ச?" என்றான் சிரில்.

"வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு."

எண்ணெய் வந்தது. முதலில் வந்த லேசான எண்ணெயை ஊற்றினால் லாரி இருமிக்கொண்டே ஓடியது. பின்னால் வந்த கனத்த எண்ணெய் விளக்குக்கு ஆயிற்று. ஒகாடா சிரிலின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து அவன் "இன்ஜினியர்". லயத்துப் பிள்ளைகள்கூட "இன்ஜினியர் அண்ணே" என்றார்கள். ஆரம்பத்தில் கூச்சப்பட்டவன் சில வாரங்களில் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகினான். காதில் பென்சில் செருகிக்கொண்டான். ஒருநாள் வீட்டில் அவளிடமே, காரீயம் ஏன் பிந்தி உருகுகிறது என்று விளக்கத் தொடங்கினான். தப்பாக விளக்கினான். அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், எரிச்சல்தான் வந்தது.

சில மாதம் இப்படியே போயிற்று. தோட்டத்தில் பிடிக்க இனி ஆள் இல்லை, ஆள் பிடிப்பு ஓய்ந்துவிட்டது என்று எல்லாரும் நம்பத் தொடங்கினார்கள். அந்தச் சமயத்தில் சயாமிலிருந்து வேறு மாதிரி உத்தரவு வந்தது. அங்கே தண்ணீர் இறைக்கும் எஞ்சின்களைப் பார்த்துக்கொள்ள இன்ஜினியர்கள் வேண்டுமாம். ஆறாங்கட்டையில் ஒருவன் இருக்கிறான் என்பது மேலிடம் வரை தெரிந்திருந்தது. அதைப் பெருமையாகச் சொல்லிவைத்தவர் ஒகாடாதான்.

தர்மலிங்கம் வந்து செய்தி சொன்னபோது நவமணி ஜெபமாலையைத் தேடி எடுத்தாள். காப்பாற்றுவதற்கென்று சொன்ன பொய்யே வாசலில் வந்து பிள்ளையைக் கேட்டது.

ஜெனவீவ் அழவில்லை. அவளுக்கு வழி பளிச்சென்று தெரிந்தது. அவர்கள் கேட்பது இன்ஜினியரை. சிரில் இன்ஜினியர் இல்லை. உண்மையான இன்ஜினியர் ஒரு பெண், பெண்ணை அவர்கள் சயாம் வேலைக்கு அனுப்புவதில்லை. ஆக இரண்டு பேரும் போக வேண்டியதில்லை. செய்து காட்டினால் ஒகாடா ஒப்புக்கொள்வார், அவரும் படித்தவர்தானே.

"நான் போயி சொல்லப்போறேன் அண்ணே," என்றாள் தர்மலிங்கத்திடம்.

"அவசரப்படாதே தங்கச்சி. இந்த ஆளுங்க கணக்கு வேற மாதிரி லா."

"பொய்யச் சொல்லித்தானே இவ்வளவும் வந்திச்சு? நெசத்தச் சொன்னா என்ன ஆயிரும்?"

தம்பியைக் காப்பாற்றத்தான் போனாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பட்டம் தன்னுடையது என்று ஒரு தடவையாவது எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசையும் கூடவே நடந்தது. அதை அவள் பின்னாளில் மறுத்ததில்லை.

தர்மலிங்கம் மொழிபெயர்க்க, ஒகாடா அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். முகத்தில் கோபம் இல்லை. செய்து காட்டு என்று கையால் சைகை செய்தார். அதைப் பார்த்ததும் அவளுக்கு உள்ளுக்குள் குதூகலமாகவே இருந்தது. டிரம்மை அவளே நிரப்பினாள், மண் பூசினாள், தீ மூட்டினாள். சிரில் கைகட்டித் தள்ளி நின்றான். ஒகாடா குழாயைக் காட்டிக் கேள்வி கேட்டார். தொட்டியைக் காட்டிக் கேட்டார். ஈயத் துண்டுகளைப் பார்த்ததும் குனிந்து நின்று வெகுநேரம் கவனித்தார். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. அதே கேள்விகளை அவர் சிரிலிடம் கேட்டபோது அவன் அக்காவைப் பார்த்தான். எண்ணெய் முன்பு எப்போதையும்விடத் தெளிவாக வந்தது.

ஒகாடா அவளுக்கு இலேசாகத் தலை வணங்கினார். பிறகு டிரெஸரைக் கூப்பிட்டுக் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அது பொய்க்கு. அதன் பிறகு சாதாரணக் குரலில் ஏதோ சொல்லிவிட்டுப் பங்களாவை நோக்கி நடந்தார். ஜெனவீவ் தர்மலிங்கத்திடம் திரும்பினாள்.

"என்ன அண்ணே சொன்னாரு?"

"நீதான் இன்ஜினியராம். இங்கயே இருந்து எண்ணெ எடுக்கணுமாம்."

"சிரிலு?"

"தம்பிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு பாத்துட்டாரு. அப்ப அவன இங்க வச்சிருக்கக் காரணம் இல்லன்றாரு. தோட்டத்துக் கணக்குல ஒரு தலை பாக்கி இருக்காம். இன்ஜினியரா இல்ல தங்கச்சி. கூலியா போவணும்."

செய்து காட்டினாள், அவரும் ஒப்புக்கொண்டார். அவள் போட்ட கணக்கில் ஒரு பிழையும் இல்லை, அவர் போட்ட கணக்கிலும் இல்லை. இரண்டும் ஒரே கணக்கு என்று அவள் நினைத்ததுதான் தப்பு. அவள் ஓடிப்போய் ஒகாடாவின் காலில் விழுந்தாள். அவர் அவளை எழுப்பி நிறுத்தி, நாளைக்குச் சீக்கிரம் தீ மூட்டச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சிரிலை அந்த வாரமே லாரியில் ஏற்றினார்கள். லாரி ஓடியது அவள் எடுத்த எண்ணெயில்தான். அவன் அவள்மேல் கோபப்படவில்லை. "நீ நல்லதுக்குத்தானே அக்கா செஞ்ச," என்றான். கோபப்பட்டிருந்தால் அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜப்பான்காரன் தோற்று வெளியேறும் வரை அவள் எண்ணெய் எடுத்தாள். எடுக்காவிட்டால் அப்பாவையும் கொண்டுபோவார்கள் என்று பயம். கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியபின் மெட்ராஸ் போய் அந்தக் கடைசி வருஷத்தை முடித்தாள். இன்ஜினியரிங் சேரவில்லை. கூலிமில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராகக் காலம் தள்ளினாள். கட்டிக்கொள்ளவும் இல்லை. அவளைப் பற்றி விசாரித்தால் ஊரில் இவ்வளவுதான் சொல்வார்கள்.

அவள் மறுபடி கப்பலேறுவதற்குச் சில மாதம் முன்பு, சயாமிலிருந்து பிழைத்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுக்கும் நாலாவது லயத்து அய்யாவு காலில் ஆறாத புண்ணோடு மருந்து போட வந்தார். அப்பா அதற்குள் படுக்கையில் விழுந்துவிட்டதால் ஜெனவீவ்தான் புண்ணைக் கழுவிக் கட்டினாள். அய்யாவு பேசிக்கொண்டே இருந்தார். சிரிலை எல்லாரும் இன்ஜினியர் என்று கூப்பிட்ட நாளிலேயே சயாமுக்குப் போனவர் அவர்; சிரில் இருந்த முகாமில் இருக்கவில்லை. அவனை அங்கே பார்த்ததும் இல்லை.

"கூலிங்க கதைய என்னான்னு சொல்றது தங்கச்சி. காலரா வந்து கொத்துக் கொத்தா போயிட்டாங்க. ஆனா எஞ்சின் பாத்த ஆளுங்களுக்குத் தனிக் கொட்டாய், கட்டிலு, அரிசிச் சோறு, மருந்து எல்லாம் உண்டு. எங்க முகாம்ல எஞ்சின் பாத்தவங்க ஒருத்தர் விடாம ஊரு திரும்பிட்டாங்க லா. நம்ம சிரிலு தம்பி இன்ஜினியராச்சே. இன்னுமா வரல?"

ஜெனவீவ் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"அவன் இன்ஜினியர் இல்ல அண்ணே," என்றாள். "நான்தான்."